மூக்கன் காசு

வெள்ளிக் காசை உள்ளங்கையில் வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு விரல்களைத் திறந்து முகர்ந்தால், வியர்வையும் மஞ்சளும் கிணற்று வாளியின் துருவும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். எனக்குப் பதின்மூன்று வயது நடந்த அந்தக் கார்த்திகை மாதத்தில் நாலைந்து நாள் அந்த வாசனை என் வலது கையைவிட்டுப் போகவே இல்லை. சோறு பிசையும்போதும் இருந்தது, பள்ளிக்கூடத்தில் பேனா பிடிக்கும்போதும் இருந்தது. அது பெருமையின் வாசனை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

காசுகள் என் பெரியம்மாவுடையவை. அப்பாவின் அண்ணன் மனைவி. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருந்தது ஒரே வீடு. முன்பாகம் எங்களுக்கு, பின்பாகம் பெரியப்பாவுக்கு, பாகத்துக்கு ஒரு தறி. பெரியம்மா சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவள். அங்கே அவளுடைய முன்னோர்கள் கப்பலில் ஏறிப்போகிற துணி நெய்தவர்கள் என்றும், கப்பல்காரர்கள் கூலிக்குப் பதிலாக இந்தக் காசுகளைக் கொடுத்தார்கள் என்றும் சொல்வாள். மொத்தம் ஐந்து. அம்மாவிடமிருந்து மூத்த பெண்ணுக்கு, அவளிடமிருந்து அவளுடைய மூத்த பெண்ணுக்கு என்று கல்யாணச் சீர்த்தட்டில் வைத்து வைத்தே அவை எங்கள் வீடுவரை வந்திருந்தன.

பழைய ஒரு ரூபாயைவிட அகலமான, கைக்குக் கனமான காசு. ஒரு பக்கம் தலையில் இலைமாலை சூடிய ஓர் அரசனின் பக்கவாட்டு முகம். முகம் என்று சொல்வதைவிட மூக்கு என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு பெரிய மூக்கு. அதனால் எங்கள் வீட்டில் அதற்கு "மூக்கன் காசு" என்று பெயர். மறுபக்கம் ஒரு கிரீடம், அதன்கீழ் கோட்டையும் சிங்கமும் பொறித்த கேடயம், இரண்டு பக்கமும் துணி சுற்றிய இரண்டு தூண்கள். பெரியம்மாவுக்கு அவை கொடிமரங்கள். வெள்ளிக்கிழமைதோறும் கொடிமரப் பக்கத்துக்கு மட்டும் குங்குமம் வைப்பாள். "ராசாவுக்கும் ஒரு பொட்டு வையேன்" என்று யாராவது கிண்டல் செய்தால், "மூக்கனுக்கு எதுக்குப் பொட்டு, அவன் என்னா நம்ம ஊட்டு மாப்பிள்ளையா?" என்பாள். அவை ஸ்பெயின் தேசத்துக் காசுகள், கடல்களுக்கு அப்பால் மெக்சிகோவின் வெள்ளியில் அடிக்கப்பட்டவை என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன்.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் வீட்டில் முளைத்துவிட்டால் எல்லாக் காகிதங்களும் அவனிடம்தான் வரும். ரேஷன் கார்டு, வரி ரசீது, சங்கத்து நோட்டீஸ், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் நான் உரக்கப் படிப்பேன். பெரியம்மாவுக்கு அவளுடைய தம்பி யாரையாவது பிடித்து எழுதிப் போடும் கார்டுகளையும் நான்தான் படிப்பேன். சதுரங்கப்பட்டினத்து மாமா என்று நாங்கள் கூப்பிடும் அந்த மனிதர் பொங்கலுக்கு ஒருமுறை பனவெல்லமும் நெத்திலிக் கருவாடுமாக வருவார். அவர் வந்துபோன பிறகு இரண்டு நாள் வீட்டில் கடல் வாசனை இருக்கும். பெரியம்மாவின் முகத்தில் பத்து நாள் சிரிப்பு இருக்கும்.

பெரியப்பா நல்ல கைக்காரர். சேலை உடம்போடு வேறு நிறத்தில் கோத்துவரும் கோர்வைக் கரை அவர்போல் நெய்ய அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் வாய் சரியில்லை. பெரியம்மா வாழ வந்த நாளிலிருந்து அவளுடைய பிறந்த வீட்டை ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். குழம்பில் உப்புக் கூடினால், "கடல் தண்ணியில பொறந்தவதானே." தறியில் நூல் அறுந்தால், "கருவாட்டுக் கை பட்டா அறுந்துதான் போவும்." அதற்கெல்லாம் பெரியம்மா பதில் சொன்னதில்லை. பதிலாக அந்த ஐந்து காசுகள் அரிசிப் பானைக்குள் மஞ்சள் துணியில் இருந்தன. தன் அம்மா வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதற்கு அவளிடமிருந்த ஒரே சாட்சி அவைதாம்.

பெரியப்பாவின் மூத்த மகள் சரோஜா அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. சீர்த்தட்டில் வைக்கிற எதையும் அப்பா வீட்டு ஆண் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே வைப்பது எங்கள் வழக்கம். காசுகளைப் பெரியம்மா எடுத்து நீட்டியபோது பெரியப்பா வாங்கிப் பார்க்கவில்லை. "நான் என்னத்தக் கண்டேன்? நம்ம படிச்ச புள்ள இருக்குது, அது பாத்துச் சொல்லட்டும்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நிஜமாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வரலாற்று ஆசிரியரிடம் நாணயங்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. கெஞ்சிக் கேட்டு, அழுக்குப் படாமல் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து வாங்கி வந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் காசு இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அதே மூக்கு, அதே தூண்கள். நல்ல காசையும் கள்ளக் காசையும் எப்படிப் பிரித்தறிவது என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. பரீட்சைக்கு வரும் கேள்வியைப் போல அந்த இரண்டு பக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்தேன்.

சோதனை நாலு நாள் நடந்தது. ஜரிகைக் கடைத் தராசில் எடை போட்டேன். புத்தகத்தில் சொன்ன எடைக்குத் தேய்மானம் போகச் சரியாக வந்தது. அம்மிக்கல்லில் தட்டினேன், கணீரென்று ஆரம்பித்து மெல்ல இழுத்துக்கொண்டே போயிற்று. அச்சில் உருக்கி வார்த்த போலியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும் என்று எழுதியிருந்தது. அப்படி எதுவும் இல்லை. நல்ல காசின் விளிம்பில் ஒரு வட்டம், ஒரு கட்டம், ஒரு வட்டம், ஒரு கட்டம் என்று சேலைக் கரைபோல வேலைப்பாடு ஓடவேண்டும், ஓடியது. நோட்டில் கட்டம் போட்டு நான்குக்கும் "சரி" என்று எழுதினேன்.

ஐந்தாவது முகம். படத்தில் இருக்கும் முகத்தோடு காசின் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், படத்தில் இல்லாத எதுவும் காசில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. படத்தில் அரசனின் கன்னம் வழவழவென்று இருந்தது. எங்கள் மூக்கனின் கன்னத்திலோ ஆணியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குத்துகள். ஒன்று பூப்போல, ஒன்று பிறைபோல, ஒன்று என்னவென்றே தெரியாத எழுத்துபோல. ஒரு காசில் ஒன்பது வரை எண்ணினேன். ஐந்து காசுகளிலும் குத்து இருந்தது.

நாலு சரி, ஒன்று தப்பு. வேறு தெருவில் வளர்ந்த பையனாக இருந்தால் நாலு சரி என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பான். நான் வளர்ந்தது நெசவுத் தெருவில். பதினாறு நாள் நெய்த சேலையை முதலாளி கட்டிலில் விரித்துப்போட்டுப் பார்ப்பார். கரை சரி, முந்தானை சரி, நீளம் சரி, எடை சரி, உடம்பில் எங்கோ மிளகளவு எண்ணெய்ப் புள்ளி. அவ்வளவுதான், சேலை முழுவதும் குறை. எங்களுக்குச் சரியானது என்றால் அதில் ஒரு குத்துகூட இருக்கக் கூடாது.

தறிக்குழியில் மழைத் தண்ணீர் ஊறித் தறிகள் நின்றுபோயிருந்த ஒரு முற்பகலில் தீர்ப்புச் சொன்னேன். பெரியப்பா, அப்பா, அம்மா, சரோஜா அக்கா, அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் எல்லாரும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா சுவரோரம் நின்றாள். நான் நோட்டைப் பிரித்து, ஆங்கில வார்த்தைகள் இரண்டைத் தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டு வாசித்தேன்.

"அப்போ?" என்றார் பெரியப்பா.

"அப்போ இது கள்ளக் காசு பெரிப்பா. மூஞ்சில இருக்குற குத்தெல்லாம் புக்ல இல்ல."

"நல்லா பாத்துச் சொல்லுடா," என்றாள் பெரியம்மா. "இன்னொரு தபா பாரு."

பார்ப்பதுபோல் பார்த்தேன். "இல்ல பெரிம்மா. தப்புதான்."

"நாலு சரியா இருக்குதுன்றானே," என்று அம்மா இழுத்தாள்.

"போன மாசம் ஒரு சொட்டு எண்ணெதான் முதலாளி, மத்ததெல்லாம் சுத்தம்னு சொன்னனே, ஒத்துக்கினாரா?" என்றார் அப்பா. "குறைன்னா குறைதான்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதை நினைக்காமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் வெள்ளி பாய் வந்தார். ஒலிமுகமது பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து பழைய வெள்ளி வாங்கி, ஜரிகைக் கம்பி இழுப்பவர்களுக்குக் கொடுப்பவர். காசுகளை விலைக்குப் போட்டுவிடலாம் என்று பெரியப்பா முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார். என் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. பாய் ஒரு காசை எடுத்துத் தட்டிக் காதருகே பிடித்தார். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டினார். குத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"அசல்மா," என்றார் பெரியம்மாவைப் பார்த்து. "வாங்குறவன் வாயால நானே சொல்றேன், அசல். கல்யாணப் பொண்ணுக்கே வச்சுடுங்க."

"அந்தக் குத்து பாய்?" என்றாள் பெரியம்மா.

"அதுதாம்மா இதுக்குச் சாட்சி. எங்க அத்தா சொல்லுவாரு, காசு கை மாறுற எடத்துல எல்லாம் காசு மாத்துற ஷராப்பு நல்லா சோதிச்சுட்டு, நல்ல வெள்ளின்னு தன்னோட முத்திரையக் குத்தி அனுப்புவானாம். தம்பி புக்ல பாத்த ராசா ஊட்ட வுட்டு வெளிய போவாதவரு. இவரு ஊரெல்லாம் சுத்தி வந்தவரு. மூஞ்சில வடு இருக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பிவந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு என் நோட்டைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. புத்தகத்தைத் தூக்கி அவர் முன்னால் விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா பாய்?" என்று கேட்டேன்.

பாய் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தெரியாது தம்பி," என்று சொல்லிவிட்டுக் காசைத் துணியின் மேல் மெதுவாக வைத்தார்.

அதோடு முடிந்தது. கள்ளக் காசு வீட்டில் இருந்தால் போலீஸ் வரும் என்று பெரியப்பா சொன்னதை யாரும் மறுக்கவில்லை. "எதுக்கும் ரெண்டு நாளு யோசிச்சுக்கோங்க" என்று பாய் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எல்லா வெள்ளிக்கும் கொடுக்கிற விலைக்கே அவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். பெரியம்மா அந்த மஞ்சள் துணியை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "எங்கம்மா எனக்குப் பொய்யையா கட்டிக் குடுத்தா?" என்று யாரிடமும் கேட்காமல் கேட்டாள்.

கல்யாணத்துக்கு மாமா வந்தார், ஒரு ஜோடிக் குத்துவிளக்கைச் சுமந்துகொண்டு. பந்தியில் எல்லார் நடுவிலும் பெரியப்பா ஆரம்பித்தார். "வெளக்கையாவது உரசிப் பாத்துடலாமா மச்சான்? எங்க ஊட்ல படிச்ச புள்ள இருக்குது. புக்க வச்சுக்கினு பாக்கும்." சம்பந்தி வீட்டார் என்ன ஏதென்று கேட்க, கதை முழுவதும் வந்தது. கள்ளக் காசைக் கண்டுபிடித்த பையன் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு கிழவர் எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். நான் தின்றேன்.

மாமாவுக்கு எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். புரிந்ததும் இலையைவிட்டு எழுந்து, எச்சில் கையோடு, பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் போனார். "நீயுமாக்கா நம்புற? அம்மா அப்பிடிச் செய்வாளா?" பெரியம்மா கையில் இருந்த சாம்பார் வாளியைப் பார்த்தபடி நின்றாள். மாமா குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

கோடை விடுமுறையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. கொடுப்பதற்கு முன்னால் மீதியையும் பார்த்துவிடலாம் என்று புரட்டியபோது, நான் மனப்பாடம் செய்த பக்கங்களுக்கு வெகுதூரம் தள்ளி, கிழக்குத் தேசங்களுக்குக் கப்பலேறிய காசுகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அங்கே மூக்கனின் படம் மறுபடியும் இருந்தது. இந்த முறை கன்னமெல்லாம் குத்து. பூ, பிறை, எழுத்து. காசு மாற்றுபவர்கள் வெள்ளியைச் சோதித்து நல்லது என்று ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக இட்ட முத்திரைகள் என்று கீழே எழுதியிருந்தது. அகராதியே தேவைப்படவில்லை. படிக்கத் தெரியாத ஒருவர் தன் அத்தாவிடம் கேட்டதைச் சொன்னாரே, அதே வார்த்தைகள்.

ஒலிமுகமது பேட்டையில் இருந்த பாயின் கடைக்கு ஓடினேன். "காசா? அது எப்பவோ உருகிப்போச்சு தம்பி. கம்பியா இழுத்து, எந்த ஊருப் பொண்ணோட முந்தானையிலயோ இருக்குது," என்றார். பிறகு, "புக்கு இப்ப என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதத்தான் சொல்லுது பாய்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? போய் உங்க பெரிம்மாகிட்ட சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்த ஆண்டு வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். மனு எழுதித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா, புக்கை வைத்தே தன் பையன் கள்ளக் காசைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வார். நாளைக்குச் சொல்லலாம், ஆயுத பூஜை கழியட்டும், சரோஜா அக்காவுக்குக் குழந்தை பிறக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அதைவிடப் பெரிய பாவம் அந்த ஆனி மாதத்தில் நடந்தது. மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பெரியம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து என்னிடம் கொடுத்தாள். நான் மனதுக்குள் படித்தேன். காசு நல்ல காசு, அம்மா மேல் ஆணை என்று எழுதியிருந்தது. நீ ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் ஆடிக்கு வந்து உன்னை அழைத்துப் போகிறேன் அக்கா என்றும் எழுதியிருந்தது.

"என்னாடா எழுதிக்கிறான்?"

"எல்லாரும் நல்லா இருக்காங்களாம். அங்க மழையே இல்லியாம்."

"காசப் பத்தி ஏதானா?"

"இல்ல பெரிம்மா."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல பெரிம்மா."

கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அரிசிப் பானைப் பக்கம் போனாள். நான் பதில் எழுதித் தரட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மாமாவிடமிருந்து அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த பிறகு, மாமா இறந்துவிட்ட செய்தி வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. பெரியப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். பெரியம்மா ராட்டையில், தறியின் குறுக்கு நூலான ஊடைக்குக் குழல் சுற்றிக்கொண்டிருந்தாள். காசைப் பற்றியும் சொன்னேன், கார்டைப் பற்றியும் சொன்னேன். ராட்டையின் சத்தம் நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் அந்தக் குழல் நிரம்பும்வரை சுற்றினாள்.

"கள்ளக் காசாவே இருந்திருக்கக் கூடாதாடா?" என்றாள். "எங்கம்மா ஏமாத்திட்டா, தம்பி மறைச்சுட்டான்னு நெனச்சுக்கினு இத்தினி வருசம் இருந்துட்டேன். அது ஒரு மாதிரி பழகிப்போச்சு. இப்ப எலையில ஒக்காந்தவன எழுப்பி அனுப்பினது நான்தான்னு ஆயிப்போச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்துபோய், நாலாக மடித்த மஞ்சள் துணியை எடுத்துவந்தாள். அதற்குள் அந்தக் கார்டு இருந்தது, மஞ்சள் ஏறி, ஓரம் மடிந்து. கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், எதிர்வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி படித்தது. அழைத்துப் போகிறேன் அக்கா என்ற இடம் வந்ததும், "இன்னொரு தபா படிம்மா" என்றாள் பெரியம்மா. குழந்தை மறுபடியும் படித்தது. அவள் இன்னொரு தபா என்றாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். வெள்ளி பாய் காலமாகிவிட்டார். அவர் சைக்கிள் மணி கேட்டுப் பழைய கொலுசோடு வெளியே வரும் பெண்களும் இல்லை. மூக்கன் காசை அந்தத் தெருவில் பார்த்தவர்கள் இனி நாலைந்து பேர்தான் இருப்பார்கள். எங்காவது கல்யாணக் கூட்டத்தில் பழைய பட்டுச் சேலை ஒன்று வெளிச்சத்தில் மின்னினால் நான் அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன பார்வை இது என்று அந்தப் பெண்கள் நினைத்திருக்கக்கூடும். தெருவில் மற்றவர்கள் இன்னமும் காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பின்பக்கத்தையும் திருப்பி, எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.

பெரியம்மா மட்டும் கொண்டுவருவதில்லை. சரோஜா அக்கா செவிலிமேட்டிலிருந்து யாரையாவது எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்பும் சீட்டானாலும், மருந்துச் சீட்டானாலும் எதிர்வீட்டுப் பெண்தான் படிக்கிறாள். இப்போது ஐந்தாவதுக்கு வந்துவிட்டாள், எழுத்துக் கூட்டாமல் நன்றாகவே படிக்கிறாள். நான் உள்ளே நுழையும்போது பெரியம்மா அவள் தொடையை லேசாகத் தட்டுகிறாள். அவள் படிப்பதை நிறுத்திவிடுகிறாள்.